வெட்டாத கொப்பி

என் கணவரின் குரலை வெட்டி எறிந்தது வைத்தியர் இல்லை, நான்தான். வைத்தியர் குரல்வளையை எடுத்தது ஒருநாள் காலையில், சில மணித்தியாலங்களில். நான் இருபத்தைந்து வருடமாக, சிட்னியின் கிரவீன் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். அப்படி வெட்டியதில் எனக்குப் பெருமை வேறு.

விளங்கச் சொல்கிறேன். சிட்னியில் எங்கள் சனத்தின் கலியாணம், பெண் பிள்ளை வயதுக்கு வந்த சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று எதற்கும் வீடியோ எடுத்தவர் அவர். கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறு தோளில் கமரா. அவர் எடுத்துக்கொண்டு வந்ததைக் கணினியில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, எழுத்துப் போட்டுப் படமாக்கியது நான். ஐந்து மணித்தியாலக் கூத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவருவது சும்மா வேலை இல்லை. எந்த மாமி அழுததை வைப்பது, எந்தச் சித்தப்பா கொட்டாவி விட்டதை எடுப்பது, தாலி கட்டும்போது முதலில் யார் முகத்தைக் காட்டுவது என்பதெல்லாம் என் முடிவு.

அந்த மனிதனிடம் ஒரே ஒரு குறை. வாயை மூடிக்கொண்டு படம் எடுக்கத் தெரியாது. "தங்கச்சி, தலையை நிமித்துங்கோ." "அன்ரி, கமராவைப் பாக்காதேங்கோ, மாப்பிள்ளையைப் பாருங்கோ." "ஐயா, மணியைக் கொஞ்சம் மெல்லமா ஆட்டுங்கோவன்." ஐயரையே இயக்குவார்! போதாக்குறைக்குத் தனக்குத்தானே பழைய பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். கமராவின் மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தபடியால் மேளத்தைவிட அவர்தான் பெரிதாகக் கேட்பார்.

"இஞ்சருங்கோ, மூண்டாம் முடிச்சுப் போடேக்குள்ள 'அங்கிள், விலகுங்கோ' எண்டு கத்துறியள். அதை நான் என்ன செய்யிறது?" என்று பாய்வேன்.

"அதுக்குத்தானே நீர் இருக்கிறீர். வெட்டும்," என்பார் சிரித்துக்கொண்டு.

வெட்டினேன். நல்ல கலியாணப் படத்தில் எடுத்தவன் இருக்கக்கூடாது என்பது என் சட்டம். கண்ணாடியில் அவர் தெரிந்தால் வெட்டு, சுவரில் நிழல் விழுந்தால் வெட்டு, குரல் கேட்டால் முழுச் சத்தத்தையும் எடுத்துவிட்டு மேலே நாதஸ்வரம். கசெற் விலை கூட என்பதால், டிவிடி கொடுத்து முடிந்ததும் அதே கசெற்றில் அடுத்த கலியாணத்தைப் பதிவோம். ஒரு மணப்பெண்ணுக்கு மேலே இன்னொரு மணப்பெண். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

படம் முடிய, கடைசியில் எழுத்து வரும். படப்பிடிப்பு, தொகுப்பு, இயக்கம் என்று போட்டு, கீழே அவர் பெயர். தட்டச்சுச் செய்தது நானேதான். யாரும் என் கையைப் பிடித்துத் தட்டச் சொல்லவில்லை. முதல் படத்தில் அப்படிப் போட்டேன், பிறகு அதுவே பழகிவிட்டது.

அவருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை முழுதாக எடுக்கவேண்டும் என்றார்கள். சத்திரசிகிச்சைக்கு ஒரு கிழமைக்கு முன்னர், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் இருவரையும் இருத்திவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். அவருடைய குரலை இப்போதே பதிந்து வையுங்கள், பிறகு கேட்க ஆசைப்படுவீர்கள், மகளுக்கும் வேண்டியிருக்கும், போனிலேயே பதியலாம் என்றாள். நான் சிரித்துவிட்டேன். நாங்கள் வீடியோக்காரர், எங்களிடம் இருபத்தைந்து வருடத்துப் பதிவு இருக்கிறது என்று அவளுக்குப் பெருமையாகச் சொன்னேன்.

வெளியே வந்து காரில் ஏறும்போது அவரும் சொன்னார்: "கமராவுக்கு முன்னால இருந்து நான் என்னத்தைக் கதைக்கிறது? வெக்கமாக் கிடக்கு."

அந்த வசனத்தையாவது பதிந்திருக்கலாம். அடுத்த கிழமையில் இருந்து அவர் வாயில் சத்தம் இல்லை. ஒரு சின்னக் கொப்பியும் பேனையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லவேண்டியதை எழுதிக் காட்டினார். "தேத்தண்ணி", "கரண்ட் பில்", "உம்மட தங்கச்சிக்குப் போன் எடுத்தனீரோ". எழுத்துப் பிழை விட்டால் நான் திருத்துவேன். அதற்கு மட்டும் முறைப்பார்.

அந்த நாட்களில் மகள் பல்கலைக்கழகத்தில் சினிமா வரலாறும் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். ஊமைப்படக் காலத்து ஹாலிவுட் இயக்குநர் ஒருத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும். அந்தப் பெண்ணின் படம் ஒன்றை நகரத்தில் ஒரு பழைய தியேட்டரில், பக்கத்தில் பியானோ வாசித்துக் காட்டப்போகிறார்கள் என்று எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். குளிர்கால ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வந்திருந்தவர்கள் முக்கால்வாசி நரைத்த தலைகள். வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் ஒரு ஏழைப் பெண்ணின் கதை. அவள் வாயசைப்பாள், சத்தம் வராது, பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அவள் சொன்னது வரும்.

முதல் எழுத்து வந்ததும் இவர் என் கையைத் தட்டினார். திரையைக் காட்டினார், தன் சட்டைப் பையில் இருந்த கொப்பியைக் காட்டினார். தோள் குலுங்கச் சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும் ரெயினில் மகள் அந்த இயக்குநரின் கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். பெயரையும் பலதரம் சொன்னாள். எனக்கு வாயில் நிற்கவில்லை, ஆகவே அந்த அம்மா என்றே சொல்லிவிடுகிறேன். தெருவில் தேவாலயப் பாட்டுப் பாடிய, பியானோ வாசித்த பெண். நாடகத்துக்கு வந்து, அங்கே ஒருவனைக் கட்டி, இரண்டு பேருமாகச் சினிமாவுக்குப் போனார்கள். சினிமா என்றால் என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலம். எழுதினாள், நடித்தாள், இயக்கினாள், படம் வெட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று வெட்டுவித்தாள். ஒரே திரையை மூன்றாகப் பிரித்து, மூன்று இடத்தில் நடப்பதை ஒரே நேரத்தில் காட்டினாள். ஆரம்பத்தில் இயக்கம் என்று புருசன் பெயரும் அவள் பெயரும் சேர்ந்துதான் வந்தனவாம். உண்மையில் இயக்குகிறவள் யார் என்று அந்தக் கொட்டகையில் கூட்டுகிறவனுக்கும் தெரியும். கொஞ்சக் காலத்தில் ஆண்களைவிட அதிகச் சம்பளம் வாங்கினாள், சொந்தமாக ஸ்டூடியோ வைத்தாள். ஏழைப் பெண்களின் வயிறு, பிள்ளைப்பேறு, சம்பளம் என்று மற்றவர்கள் தொடப் பயந்ததையெல்லாம் படமாக்கினாள்.

பிறகு காலம் மாறியது. சனம் ஆட்டம் பாட்டம் கேட்டது. பெரிய கொம்பனிகள் சின்ன ஸ்டூடியோக்களை விழுங்கின. கலியாணமும் முறிந்தது. இயக்கம் பெண்களுக்கு ஏற்ற வேலை இல்லை என்று, அவளுக்குப் பிறகு வந்த ஆண்கள் கண்டுபிடித்தார்கள். அறுபது வயது மட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் செத்துப்போனாள். எடுத்த படம் நூறுக்கு மேல், இன்றைக்கு மிஞ்சியவை ஒரு கை விரலில் எண்ண முடியாவிட்டாலும் கொஞ்சம்தான். அந்தக் காலப் பிலிமில் வெள்ளி கலந்திருக்குமாம். ஓடி முடிந்த படங்களை உருக்கி வெள்ளி எடுத்தார்களாம்.

"பாவிகள்," என்றேன். சொன்ன பிறகுதான் எங்கள் கசெற்றுகள் ஞாபகம் வந்தன.

மகள் இன்னொன்றும் சொன்னாள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்து புறப்பட்ட படப்பெட்டிகளுக்கு அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான் கடைசித் தரிப்பிடம். திருப்பி அனுப்பும் செலவுக்குக் கட்டாது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் அழிந்துபோன சில படங்கள் இந்தப் பக்கத்துக் கொட்டில்களில் தகரப் பெட்டிக்குள் அகப்பட்டிருக்கின்றனவாம். சோம்பேறித்தனத்தால் தப்பியவை என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், கொப்பியை எடுத்து எழுதி என் மடியில் வைத்தார். "எங்கட படத்தில உம்மட பேர் ஏன் போடேல்லை?"

எனக்கு ஏறியதே கோபம். "இருபத்தைஞ்சு வருசம் கழிச்சுக் கேக்கிறியளோ? நீங்கள் ஒரு நாளெண்டாலும் போடச் சொன்னனீங்களோ?"

அவர் கொப்பியைத் திருப்பி எடுத்தார். பிறகு எழுதினார்: "கடைசியில வாற எழுத்து நான் பாக்கிறேல்லை. இப்ப வீட்டில சும்மா இருக்கேக்குள்ளதான் ஒண்டைப் பாத்தன்."

உண்மைதான். படம் முடியப்போகிறது என்றால் எழும்பிப் போய் அடுத்த வேலையைப் பார்க்கிற ஆள். என் பெயர் அதில் இருக்கிறது என்றே அவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார். எனக்கு அது இன்னும் கோபத்தைத் தந்தது. அடுத்தநாள் வரை அவரோடு பேசவில்லை. பேச்சே இல்லாத மனிதனைப் பேசாமல் இருந்து தண்டித்தேன் பாருங்கள், அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அதற்குப் பிறகு அவர் கனநாள் இருக்கவில்லை. வருத்தம் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. செத்தவீட்டுக்கு ஒழுங்கு செய்கிற நேரம், சவப்பெட்டிக்குப் பக்கத்துத் திரையில் போடப் படங்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்த மகள் திரும்பிக் கேட்டாள்: "அம்மா, அப்பா கதைக்கிற வீடியோ ஒண்டு தாங்கோ. இட்ஸ் ஜஸ்ட் ஃபோட்டோஸ்."

பின்னறைக்குப் போனேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் எந்தப் படத்திலும் இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் எடுத்த மனிதன், யார் போனைத் தூக்கினாலும் "இஞ்சை தாங்கோ, நான் எடுக்கிறன்" என்று பறித்துவிடுவார். போனில் மிஸ்ட் கோல் கொடுப்பாரே தவிர ஒரு சொல் விட்டுவைக்கமாட்டார். கணினியில் இருந்ததெல்லாம் நான் முடித்த படங்கள். தட்டில் இருந்த நாற்பது கசெற்றும் கடைசி வருடங்களில் எடுத்தவை. அப்போது மண்டபத்து மைக்கில் இருந்தே நேராகச் சத்தம் எடுக்கப் பழகிவிட்டோம், ஐயர் குரல் இருக்கிறது, இவர் குரல் இல்லை. குரல் இல்லாமலே அவரை எரித்தோம்.

எனக்கு அவர் குரல் மறக்கத் தொடங்கியது. நம்பமாட்டீர்கள், முப்பது வருடத்துக்கு மேல் காதுக்குள் இருந்த குரல். சொற்கள் ஞாபகம் இருக்கின்றன, சத்தம் நினைவில் வரமாட்டேன் என்கிறது. பயந்துபோனேன். எப்படியாவது ஒரு வசனமாவது வேண்டும் என்று பழைய வீடுகளுக்கெல்லாம் போன் எடுத்தேன், நேரே போனேன். ஒரு பெண் "குறை நினையாதேங்கோ அக்கா, டிவோர்ஸ் எடுக்கேக்குள்ள எறிஞ்சிட்டன்" என்றாள். டிவிடியைப் பத்திரமாக வைத்திருந்த இன்னொருத்தி சொன்னாள்: "இதில அண்ணையின்ர சத்தம் ஒரு இடத்திலையும் இராது அக்கா. நீங்கள் அவ்வளவு வடிவா வெட்டியிருக்கிறியள்."

அவள் பாராட்டித்தான் சொன்னாள். நன்றி என்று சொல்லிவிட்டுக் காரில் போயிருந்து அழுதேன்.

பதினேழு படம் பார்த்தேன். ஒன்றில் மட்டும், ஒரு சாமத்திய வீட்டில், என் வெட்டு ஒரு கண்ணிமைப்பொழுது பிந்தியிருக்கிறது. "நிமி" என்று கேட்கிறது. நிமித்துங்கோ என்பதன் பாதி. அதற்குள் நாதஸ்வரம் வந்துவிடுகிறது. அந்த "நிமி"யைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். ஒரு கட்டத்தில் அது மனிதக் குரலாகவே கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த முசுட்டு அங்கிள் ஞாபகத்துக்கு வந்தார். நாங்கள் தொழில் தொடங்கிய புதிதில் தன் மகளின் கலியாணத்துக்கு எங்களைப் பிடித்தவர். டிவிடியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ர பிள்ளையின்ர கலியாணத்தை வெட்டுறதுக்கு நீங்கள் ஆர்? எனக்கு வெட்டாத கொப்பி வேணும். கசெற் முழுசும் தாங்கோ." இவர் சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் ஒரு மாதம் அந்த அங்கிளைத் திட்டினேன், ரசனை கெட்ட மனிசன் என்று.

அவர்கள் மெல்பேணுக்குப் போய்க் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறார்கள் என்று விசாரித்து அறிந்து போன் எடுத்தேன். அங்கிளின் மனைவி, அன்ரிதான் கதைத்தா. "அவருக்கு இப்ப ஞாபகம் குறைவு, பிள்ளை. ஆனால் அவர் ஒண்டையும் எறியிற ஆளில்லை. கராஜுக்கை கால் வைக்கேலாது. தேடிப் பாத்துச் சொல்லுறன்." இரண்டு கிழமைக்குப் பிறகு அவவே போன் எடுத்தா. பிஸ்கட் பேணி ஒன்றுக்குள் ஆறு கசெற். ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லையாம்.

அந்தக் கசெற் ஓடுவதற்கு எங்கள் பழைய கமராவே வேண்டும். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த பெண், இது என்ன என்று கேட்டாள். என் கணவரின் கமரா என்றேன். மகளுக்கு வேலை, வர முடியவில்லை. போனை டிவிக்கு முன்னால் வைத்துப் பதிந்துகொண்டு வரச் சொல்லியிருந்தாள்.

அவர்கள் வீட்டு ஹோலில், பின்னேர வெயில் விழாமல் திரையை இழுத்துவிட்டு, கமராவை டிவியில் கொழுவினேன். பழைய வயர் மூன்றுதரம் கழன்றது. அங்கிள் கதிரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தார். அன்ரி எனக்குப் பக்கத்தில். முதலில் வெறும் இரைச்சல். பிறகு மண்டப வாசல், நிறைகுடம், குத்துவிளக்கு.

"தங்கச்சி, பன்னீர்ச் செம்பை இந்தப் பக்கம் பிடியுங்கோ. ஆ, அப்பிடித்தான்."

அவர்தான். நான் நினைத்து வைத்திருந்ததைவிட மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கால் வருகிற குரல். எப்படி மறந்தேன்? வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அன்ரி என் முதுகைத் தடவினா. கசெற்றில் அவர் பாட்டுக்கு ஐயரோடு கதைத்தார், மேளக்காரரைப் பகிடி பண்ணினார், அந்தப் பழைய பாட்டை முணுமுணுத்தார். நான் வெட்டியிருக்கக்கூடிய இடங்கள்தான் அத்தனையும். அங்கிள் கன நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "ஆர் இந்தப் பெடியன்? நல்லாக் கதைக்கிறான்," என்றார்.

ஐந்தாவது கசெற்றில் பந்தி. வாழையிலை, வடை, பாயாசம். சாப்பிடுகிறவர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போகிறார். மண்டபம் கலைந்து வெறிச்சோடுகிற நேரம். அப்போது ஒரு பெண் குரல் கேட்டது. பக்கத்தில் இருந்த அன்ரியின் குரல்தான், இருபத்தைந்து வயது குறைவாக.

"தம்பி, விடியத் துவங்கி நிக்கிறியள். கமராவை வைச்சிட்டு ஒரு பிடி சாப்பிடுங்கோவன்."

"இல்லை அன்ரி, வேண்டாம். அவ வீட்டில பாத்துக்கொண்டிருப்பா. நான் போனாத்தான் சாப்பிடுவா."

நான் கமராவை நிற்பாட்டினேன்.

நான் ஒருநாளும் அவருக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. கலியாண நாட்களில் மகளுக்குச் சோறு தீத்திவிட்டு நானும் சாப்பிட்டு, சட்டி பானை கழுவிக் கவிழ்த்துவிட்டு, கணினிக்கு முன்னால் குந்திவிடுவேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் திரும்பாமலே கேட்பேன், "சாப்பிட்டிட்டுத்தானே வந்தனீங்கள்?" என்று. அவர் குசினிப் பக்கம் போவார். கொஞ்சம் பொறுத்து, "ஓம் ஓம், அங்க நல்ல சாப்பாடு," என்பார். நான் கசெற்றை வாங்கி வெட்டத் தொடங்குவேன். இருபத்தைந்து வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும்.

"பாவம், நான் எவ்வளவு கேட்டும் கை நனைக்கேல்லை அந்தப் பிள்ளை," என்றா அன்ரி. "வீட்டை வந்து சாப்பிட்டவரோ?"

"ஓம் அன்ரி," என்றேன். "ரெண்டு பேரும் சேந்துதான் சாப்பிட்டனாங்கள்."